மெத்தையிலிருந்து வரும் பார்வை

உயரம் தாண்டுதலில் வென்றவருக்கும்கூடப் போட்டி பெரும்பாலும் தோல்வியில்தான் முடிகிறது. தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும் என்பது விதி. ஆகவே எல்லாரையும் வென்ற பிறகும் ஒருவர் இன்னும் சற்று உயரத்தைக் கேட்டு, அதில் மும்முறை கம்பியைத் தட்டிவிட்டு, அதன் பிறகே பார்வையாளர்களை நோக்கிக் கையசைக்கிறார். 2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட முதாஸ் பர்ஷிம், ஜியான்மார்கோ தம்பேரி இருவரும் 2.37 மீட்டரைத் தாண்டி, 2.39 மீட்டரில் மும்முறை தவறியவர்கள்தாம். இந்த விளையாட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பயிற்சியாளராக இருந்துவிட்டதால், மன உறுதி என்ற சொல் எனக்கு அவ்வளவு எளிதில் வாயில் வருவதில்லை. ஒரு தாண்டலுக்கும் அடுத்த தாண்டலுக்கும் இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் ஒருவருடைய கவனம் எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். அந்தக் கவனத்தைப் பழக்குவதிலும் கெடுப்பதிலும் பயிற்சியாளரின் நாக்குக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நான் காலம் கடந்தே தெரிந்துகொண்டேன்.

தொடக்க ஆண்டுகளில் நான் நிறையப் பேசினேன். பேசுவதற்கு விஷயம் குறைவில்லை. ஓட்டத்தின் முதல் பகுதி நேராகவும், கடைசி நான்கைந்து அடிகள் வளைவாகவும் இருக்க வேண்டும்; வளைவில் உடல் உட்புறம் சாய வேண்டும்; கடைசிக்கு முந்தைய அடியில் இடுப்பு சற்றே இறங்க வேண்டும்; எம்பும் கால் தரையில் பதிந்திருப்பது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே என்பதால், எல்லாம் அதற்குள் நடந்து முடிய வேண்டும். இவை அனைத்தும் என் கண்ணுக்குத் தெரிந்தன. தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவதே என் வேலை என்று நினைத்திருந்தேன். மெத்தையிலிருந்து இறங்கி, ஓட்டத்தைத் தொடங்கும் இடமான தன் ஓட்டக்குறிக்கு நடந்து திரும்புவதற்குள் ஒருவர் காதில் நான்கு திருத்தங்களாவது விழுந்துவிடும்.

அக்காலத்தில் என்னிடம் பயின்ற ஒரு வீராங்கனை, பயிற்சியில் பல முறை தாண்டிய உயரத்தை ஒரு முக்கியமான போட்டியில் மூன்று முறையும் தவறவிட்டார். பதற்றம், அனுபவக் குறைவு, மனம் தளர்ந்துவிட்டது என்று வழக்கமான காரணங்களைச் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினேன். சில நாட்கள் கழித்து அந்தக் காணொளியைப் போட்டுப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. மெத்தையில் விழுந்த மறுகணம் கம்பி நிற்கிறதா, விழுந்ததா என்று பார்ப்பதற்கு முன்பே அவர் தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்திருந்தார். மூன்று தாண்டலிலும் அப்படித்தான். தன் தாண்டல் எப்படி இருந்தது என்ற செய்தி அவருக்குத் தன் உடலிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்தும் வரவில்லை. என் முகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. என் முகமோ அன்று பீதியில் இருந்தது.

ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடனைப் பற்றிய ஒரு பழைய ஆய்வு என் கைக்குக் கிடைத்தது. அவருடைய யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணி 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்களை வென்றது. 1974-75 பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சி நேரங்களில் உட்கார்ந்து, அவர் கற்பித்த ஒவ்வொரு செயலையும் குறித்துக்கொண்டார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு, எதைச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற சுருக்கமான தகவல்கள். பாராட்டும் கண்டிப்பும் தனித்தனியே ஏழு சதவீதத்தின் அளவில்தான் இருந்தன. புகழ்பெற்ற பயிற்சியாளர் என்றதும் நாம் கற்பனை செய்யும் உணர்ச்சிகரமான உரைகளுக்கு அந்தக் கணக்கில் அநேகமாக இடமே இல்லை. வுடனும் அடிக்கடி பேசினார், நானும் அடிக்கடி பேசினேன். ஆனால் அவருடைய பேச்சு செய்ய வேண்டிய ஒற்றைச் செயலில் போய் முடிந்தது, என்னுடையது என் கவலையைத் தீர்த்துக்கொள்வதில் முடிந்தது.

இயக்கத்தைக் கற்பது பற்றிய ஆய்வுகளும் இதையே வேறு வழியாகச் சொல்லியிருந்தன. ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது செயல்திறன் உயர்ந்ததுபோல் தோன்றும், திருத்தத்தை நிறுத்திவிட்டுச் சோதித்தால் அது சரிந்துவிடும் என்ற கருத்தை 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் ஓர் ஆய்வுத் தொகுப்பில் முன்வைத்தார்கள். கற்பவர் தன் உடலின் செய்தியைக் கேட்பதை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வரும் குரலின்மேல் சாய்ந்துவிடுகிறார் என்பது அவர்கள் விளக்கம். போட்டி என்பது திருத்தத்தை நிறுத்திவிட்டுச் சோதிப்பதுதானே. எங்கள் விதிகள்படி வீரர் தடுப்பின் ஓரம் வரை வந்து பயிற்சியாளரிடம் பேசலாம். ஆனாலும் பெயர் அழைக்கப்பட்டு ஒரு நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கினால் அவர் தனி ஆள்.

என்ன சொல்கிறோம் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. 1998இல் கேப்ரியேலே வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் பனிச்சறுக்குப் பயிற்சி இயந்திரத்தில் நிற்பவர்களில் ஒரு குழுவினரைத் தங்கள் பாதங்களைக் கவனிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவினரைப் பாதங்களுக்கு அடியில் இருந்த சக்கரங்களைக் கவனிக்கச் சொன்னார்கள். இடைவெளி சில அங்குலங்கள்தான். ஆனாலும் சக்கரங்களைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். அதைப் படித்த பிறகு, 'முழங்காலை நீட்டு', 'இடுப்பைத் தூக்கு' என்ற என் சொற்களை விட்டுவிட்டு, 'தரையைத் தள்ளிவிட்டுப் போ' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். எல்லாரிடமும் ஒரே மாதிரி பலித்தது என்று சொல்ல மாட்டேன்; பலரிடம் பலித்தது.

பேச்சைக் குறைப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. ஒவ்வொரு தாண்டலுக்குப் பின்னும் முதலில் அவர்தான் பேச வேண்டும், நான் கேட்டுக்கொள்வேன், மூன்று தாண்டல்களுக்கு ஒரு முறை மட்டும் ஒரே ஒரு திருத்தம் சொல்வேன் என்று ஏற்பாடு செய்தேன். முதல் வாரத்திலேயே அந்த வீராங்கனை, "என்மேல் ஏதாவது கோபமா சார்?" என்று கேட்டுவிட்டார். என் மௌனத்தை அவர் தண்டனையாக எடுத்துக்கொண்டிருந்தார். காரணத்தை விளக்காமல் ஒரு முறையை மாற்றியது என் பிழை. உட்கார்ந்து பேசிய பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது, ஏறக்குறைய இரண்டு மாதம் தாண்டும் உயரம் குறைந்தது, பின்பு மெல்ல ஏறியது.

மனநிலை பற்றிப் பேசும்போது எல்லாரும் பிரிட்டிஷ் ஓட்டக்காரர் ரோஜர் பானிஸ்டரை இழுத்து வருகிறார்கள். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓட முடியாது என்ற மனத்தடையை 1954 மே 6 அன்று அவர் உடைத்தார், உடனே பலர் அணிவகுத்து வந்துவிட்டார்கள் என்பது கதை. ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை நான்கு நிமிடத்துக்குள் ஓடியவர்கள் பானிஸ்டரும், 46 நாள் கழித்து ஓடிய ஜான் லேண்டியும் ஆக இரண்டே பேர். பானிஸ்டரின் 3 நிமிடம் 59.4 விநாடிக்குப் பின்னால் இருந்தது 440 கெஜச் சுற்றுகளைப் பத்துப் பத்தாக ஓடிய பயிற்சி. ஒரு சுற்று 61 விநாடிக்குக் கீழே இறங்காமல் நின்றபோது, சில நாட்கள் ஸ்காட்லாந்தில் மலையேறிவிட்டு வந்தார்; வந்த பிறகு 59 விநாடியைத் தொட்டார். எனக்கு அந்த மலையேற்றம்தான் பிடித்தமான பகுதி. திறமை முயற்சியால் வளரக்கூடியது என்று நம்புவது பயன் தரும் என்ற, உளவியலாளர் கரோல் டுவெக்கின் வளர்ச்சி மனப்பான்மைக் கொள்கையையும் நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். முயற்சியைப் பாராட்டுங்கள் என்ற அறிவுரை நல்லதே. ஆனால் 2018இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, கல்வியில் அதன் விளைவு சராசரியாகச் சிறியதே என்று காட்டியது. சுவரில் ஒட்டிய வாசகத்தைவிட, ஓட்டக்குறியில் நாள்தோறும் நடப்பதற்கு வலிமை அதிகம்.

இன்னொரு பிழையையும் எழுதத்தான் வேண்டும். ஓர் இளம் வீரர் எம்பும் இடத்துக்கு வந்ததும் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தார். பாதத்தின் மேற்பகுதியில் ஏதோ நோவதாக ஒரு முறை சொன்னார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பயம் என்று முடிவு கட்டினேன். மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் பாதத்தின் நடுவிலுள்ள நேவிகுலர் எலும்பில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் விரிசல், தெரிந்தது. தாண்டுபவர்களுக்கு வரக்கூடிய, எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடக்கூடிய முறிவு அது. அவருடைய உடல் சரியான செய்தியைத்தான் அனுப்பியிருக்கிறது, அவரும் அதைச் சரியாகவே கேட்டிருக்கிறார். அதைக் கேட்காதே என்று பயிற்றுவித்தவன் நான். ஒரு பருவம் முழுவதும் அவர் தாண்டவில்லை. 2021இல் டோக்கியோவில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் காற்றில் தன் உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வை இழந்து குழுப் போட்டியிலிருந்து விலகியபோது, பலர் அதைப் பலவீனம் என்றார்கள். அந்த வீரரின் கட்டுப் போட்ட காலைப் பார்த்திருந்த எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. பைல்ஸ் சில நாளில் சமநிலைச் சட்டத்தில் வெண்கலமும், 2024 பாரிஸில் மூன்று தங்கமும் வென்றார் என்பது பின்னால் நடந்தது. அவை கிடைக்காமல் போயிருந்தாலும் அன்றைய முடிவு சரியானதே.

தாண்டல்களுக்கு இடையே கவனத்தை எங்கே வைப்பது என்பதற்கு ஒரே விடை இல்லை. ஆஸ்திரேலியாவின் நிக்கோலா ஒலிஸ்லாகர்ஸ் ஒவ்வொரு தாண்டலுக்குப் பின்னும் ஒரு குறிப்பேட்டைத் திறந்து, தனக்குத் தானே பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். 2024 ஜூலையில் 2.10 மீட்டர் தாண்டி, ஏறத்தாழ 37 ஆண்டு நிலைத்திருந்த உலகச் சாதனையை முறியடித்த உக்ரைனின் யரோஸ்லாவா மகுச்சிக், உறங்குபையை விரித்துப் படுத்துக்கொள்கிறார். என் வீராங்கனைக்கும் குறிப்பேடு வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். ஒரே வாரத்தில் தொலைத்துவிட்டார். ஸ்பைக்ஸ் வாரை அவிழ்த்து மறுபடி கட்டுவதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அதை நான் கற்பிக்கவில்லை.

முன்பு தவறிய அதே உயரம் இரண்டு ஆண்டு கழித்து ஒரு போட்டியில் வந்தது. இரண்டாம் முயற்சியில் தாண்டினார். அடுத்த உயரத்தில் இரண்டு முறை தவறினார். நான் பார்வையாளர் வரிசையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை வெளியே இருந்தால் ஏதாவது சைகை காட்டிவிடுவேன் என்று எனக்கே தெரியும். மூன்றாம் முயற்சியிலும் கம்பி விழுந்தது. அவர் மெத்தையிலேயே உட்கார்ந்து கம்பியைப் பார்த்தார், பிறகு தன் ஓட்டக்குறியைப் பார்த்தார், காலணியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கடைசிக்கு முந்தைய அடி நீண்டுவிட்டது சார்" என்றார்.

வளைவில் உடல் சீக்கிரமே நிமிர்ந்துவிட்டதுதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். இருவரும் டேப்லெட்டில் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். அடிதான் நீண்டிருந்தது.