ரீஏஜென்ட் தட்டுப்பாட்டில் ஒரு லேப்

நிதியைக் குறைத்துவிட்டோம் என்று எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. ஸ்டோருக்கு அனுப்பும் இண்டென்ட்டில் (தேவைப் பட்டியலில்) பத்துப் பெட்டி ரீஏஜென்ட், அதாவது பரிசோதனைக்கான ரசாயனம், எழுதினால் நாலு வந்தது, அதுவும் தள்ளித் தள்ளி வந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்து ஆஸ்பத்திரி லேபில் எங்களுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான்.

சிக்கனம் என்றதும் எல்லார் கண்ணும் முதலில் போவது காலையில் ஓட்டும் கன்ட்ரோல் மேல். அளவு முன்பே தெரிந்த மாதிரியை ஓட்டி, மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் அது. நோயாளிக்கு உதவாத ரீஏஜென்ட் வீண்தானே என்றார்கள். அதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. டெஸ்ட் இல்லை என்று சொன்னால் டாக்டர் தொட்டுப் பார்ப்பார், கேட்பார், வேறு வழி தேடுவார். தப்பான சர்க்கரை அளவை அச்சடித்துக் கொடுத்தால் அதை நம்பி இன்சுலினைக் கூட்டிவிடுவார்.

பிறகு டாக்டர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: ரிசல்ட் இன்றைக்கே வந்தால் உங்கள் வைத்தியம் மாறுமா? கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சளிப் பரிசோதனை, மலேரியா ஸ்மியர் (கண்ணாடியில் தடவிய ரத்தம்), தட்டணுக்கள் எல்லாம் தினமும் செய்வதென்று வைத்துக்கொண்டோம். தைராய்டும் கொழுப்பும் வியாழக்கிழமைக்குப் போயின. சேர்த்து ஓட்டினால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கன்ட்ரோல் போதும், குப்பிக்கு அடியில் தங்கி வீணாவதும் குறையும். அலுவலகத்தில் பேச இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2019-இல் வெளியிட்ட தேசிய அத்தியாவசியப் பரிசோதனைப் பட்டியல் கைகொடுத்தது. எந்த நிலை ஆஸ்பத்திரியில் எது இருந்தே ஆகவேண்டும் என்று அதில் இருக்கிறது.

"வியாழக்கிழமை வரணும்னா ஒரு நாள் பீடி போயிருமே தாயி" என்றார் பீடி சுற்றும் விக்கிரமசிங்கபுரத்துக்கார அம்மா. "நீங்க வரவேண்டாம்மா. ரத்தத்த இன்னைக்கே குடுத்துட்டுப் போங்க, ரிப்போர்ட் வாங்க மகள அனுப்புங்க" என்றேன். சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரை, பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் தைராய்டு டெஸ்ட்டுக்கு நாலைந்து நாள் தாங்கும். சர்க்கரை தாங்காது, பிரிக்காமல் கிடந்தால் ரத்த அணுக்களே மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் தின்றுவிடும்.

பெரிய தலைவலி, ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுண்டர். கம்பெனிக்காரர்கள் மெஷினை இலவசமாக வைத்துவிட்டுப் போவார்கள், ஆனால் அவர்கள் ரீஏஜென்ட்டைத் தவிர வேறெதையும் அது ஏற்காது. பில் பாக்கி விழுந்து சப்ளை நின்றது ஐப்பசி மழையில், டெங்கு நேரத்தில். கையால் அணுக்களை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடியான நியூபார் சேம்பரைத் தூசி தட்டி எடுத்தோம். ஒரு சதவீத அமோனியம் ஆக்சலேட்டில் ரத்தத்தைக் கலந்து, சேம்பரில் விட்டு, ஈரத் தாள் போட்ட பெட்ரி தட்டுக்குள் கால் மணி நேரம் மூடி வைக்கவேண்டும். தட்டணுக்கள் அடியில் படிந்து, மைக்ரோஸ்கோப்பில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை இறக்கினால் தூசு போல மினுங்கும். டிப்ளமோ பரீட்சையோடு இதை மறந்திருந்த பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எண்ணினார்கள்.

அந்த வாரம் வெளி லேபில் தட்டணு 22,000 என்ற ரிப்போர்ட்டோடு ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். ஸ்மியர் ஓரத்தில் பார்த்தால் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ போட்ட குழாயில் சிலருக்கு அப்படி ஆகும். மெஷின் கொத்தை ஒவ்வொன்றாக எண்ணாது. சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து எண்ணியதில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது. மெஷின் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் வாரத்துக்கு ஒரு நாள் கையால் எண்ணுகிறோம். அமோனியம் ஆக்சலேட் எதற்கு என்று ஸ்டோரில் இன்னும் கேட்கிறார்கள்.

சோடியம், பொட்டாசியத்துக்குத்தான் வழி பிறக்கவில்லை. அளக்கும் மெஷினின் எலக்ட்ரோடு தீர்ந்தால் மாற்று கிடையாது. ஹைகிரவுண்டுக்கு, அதாவது திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். முழு ரத்தமாகப் போனால் வழியில் அலுங்கி, சிவப்பணு உடைந்து, பொட்டாசியம் பொய்யாக ஏறிவிடும் என்பதால் சீரம் பிரித்துத்தான் அனுப்புவது. அவசரமென்றால் ஆளையே ஆம்புலன்ஸில் ஏற்றவேண்டியதுதான். தீச்சுடரில் சோடியம், பொட்டாசியத்தை அளந்து ஓடிக்கொண்டிருந்த ஃபிளேம் ஃபோட்டோமீட்டரைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னது யார் என்று எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.