டினா என்ன சொல்கிறாள்?

"டினா கியா போல் ரஹீ ஹை?" என்று கேப்டன் கேட்டார். டினா என்ன சொல்கிறாள்?

"குச் நஹீ, சாப்" என்றேன். ஒன்றும் இல்லை.

இவ்வளவுதான் நடந்தது. குண்டு வெடிக்கவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. ராணுவ வண்டிகளின் கான்வாய் போனது, சாயங்காலம் திரும்பி வந்தது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்து ராணுவக் கேண்டீன் வரிசையில் நிற்கிற இந்த வயதில் அதைப் பற்றி என்ன எழுத இருக்கிறது என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி.

காஷ்மீர், சில்லை கலான். டிசம்பர் 21-க்கு மேல் நாற்பது நாள் எலும்பை உருக்குகிற குளிர். தினமும் விடியும் முன் ரோடு ஓப்பனிங், அதாவது வண்டிகள் வரும் முன் ரோட்டில் குண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பது. முன்னால் என் மோப்ப நாய் டினா, கயிற்றின் மறுமுனையில் நான், எங்களுக்குப் பின்னால் மற்றவர்கள். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற ஒரு கல்வெர்ட் அருகே அவள் நடை மெதுவானது. வாய் மூடிக்கொண்டது, ஆடிக்கொண்டிருந்த வால் நின்றது. பின்னங்கால்கள் லேசாக மடங்கின. உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன். உட்காரவில்லை. பாதியில் எழுந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெடிமருந்து நாய்க்கு மீரட்டில் சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு பதில். வாசனை கிடைத்தால் சத்தம் போடாமல் உட்கார். குரைக்கக் கூடாது, மண்ணைப் பிறாண்டக் கூடாது. உட்கார்ந்தால் உண்டு, நடந்துகொண்டே இருந்தால் இல்லை. 'இருக்கலாம்' என்று சொல்ல அதற்கு வழியே கிடையாது. அன்று அவள் அதைத்தான் சொல்ல முயன்றாள் என்று இப்போது எனக்குப் படுகிறது. கேப்டனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், "ஏதோ சொல்கிறாள் சாப், எனக்குப் புரியவில்லை" என்பது. அந்த வாக்கியம் எனக்கு ஹிந்தியில் தெரியாததல்ல. பதினாலு வருஷ சர்வீஸ்.

ஏன் சொல்லவில்லை? கான்வாய் ஏற்கெனவே கிளம்பிவிட்டது, வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அது பாதிக் காரணம். மீதி, முந்தின வாரம். அன்றைக்கு இதே ரோட்டில் டினா ஐயமே இல்லாமல் உட்கார்ந்தாள். வண்டிகளை நிறுத்தி, பாம் டிஸ்போசல் ஆட்கள் வந்து, இரண்டு மணி நேரம் உறைந்த மண்ணைக் குடைந்து எடுத்தது துருப்பிடித்த தோட்டாக் கூடுகள் நாலைந்து. பையன்கள் கைவிரல் விறைத்துப்போய் நின்றார்கள். "மதராஸியின் குத்தா கபாடி வியாபாரம் பண்ணுது", மதராஸியின் நாய் பழைய இரும்பு வியாபாரம் பண்ணுது, என்று ஒருத்தன் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் செய்தது தப்பே இல்லை. கூட்டில் மருந்து வாசனை மிச்சம் இருந்தது, அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் பந்து தர வேண்டும். அந்தப் பந்துக்காகத்தான் அது இந்த வேலையே செய்கிறது. அதற்கு தேசமும் தெரியாது, எல்லையும் தெரியாது. அன்று நான் பந்தை எடுக்கவில்லை. அத்தனை பேர் கடுப்பில் நிற்கும்போது நாயோடு விளையாட வெட்கமாக இருந்தது. கயிற்றைச் சுருக்கி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் பாதி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாளே, அதை எங்கே கற்றாள்?

சரி, இதையும் பாருங்கள். நான் அவளை உடனே இழுத்துக்கொண்டு போய்விடவில்லை. இன்னொரு முறை அதே இடத்தில் மோப்பம் பிடிக்கவிட்டேன். இரண்டாம் முறை அவள் நிற்காமல் கடந்தாள். நரி மூத்திரமாக இருந்திருக்கலாம், செத்த ஆடாக இருந்திருக்கலாம். குளிரில் வாசனை மேலே எழாது, நாயும் அரைமணி நேரத்துக்கு மேல் வேலை செய்திருந்தது. கான்வாய் பத்திரமாகப் போனதே போதாதா? போதும் என்று பல ராத்திரி முடிவு செய்திருக்கிறேன்.

ஆனால் காற்று பள்ளத்துப் பக்கமிருந்து மேடு நோக்கி வீசவில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வீசியது. கல்வெர்ட்டின் கீழ்வாய்ப் பக்கம் இறங்கி, காற்றுக்கு எதிராக அவளைக் கொண்டுவந்திருக்க வேண்டும். அங்கே முழங்கால் பனி. நான் இறங்கவில்லை. இரண்டாம் முறையும் ரோட்டின் மேலேயே நடத்தினேன். அவள் சொன்னதைக் கேட்கவா அப்படிச் செய்தேன், 'இல்லை' என்று சொல்ல வைக்கவா?

எங்கள் ஊர்ப் பக்கம் முயல் வேட்டைக்குச் சிப்பிப்பாறை வளர்ப்பார்கள். அப்பாவிடமும் ஒன்று இருந்தது. அது நின்றால் அவரும் நிற்பார், ஏன் என்று கேட்கமாட்டார். அவருக்குப் பின்னால் கான்வாய் இல்லை என்பது வேறு விஷயம்.

2020 சுதந்திர தினத்துக்கு விடா என்ற லாப்ரடாருக்கு ராணுவத் தளபதியின் பாராட்டு அட்டை கிடைத்தது. புதைத்து வைத்த 5 கண்ணிவெடி, 1 கையெறி குண்டு கண்டுபிடித்திருந்தது. படித்தபோது மனசு நிறைந்தது. கூடவே ஒரு கோணல் யோசனையும். கண்டுபிடித்ததற்குக் கணக்கு இருக்கிறது. 'ஒன்றும் இல்லை' என்று என்னைப் போல் நாயை நடத்துகிற ஹேண்ட்லர்கள் சொன்னதற்கு யாரிடம் கணக்கு? அப்படி ஒரு கணக்கு எழுதச் சொன்னால் நான் எழுதியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

டினா இன்னும் இரண்டு வருஷம் என்னோடு வேலை பார்த்தாள். அந்த இரண்டு வருஷமும் ஒவ்வொரு முறை உட்கார்ந்தபோதும், கிடைத்தது செருப்பு ஆணியாகவே இருந்தாலும், பந்து கொடுத்தேன். அவளும் மறுபடி முழுசாக உட்கார ஆரம்பித்தாள். ஆனாலும் உட்கார்ந்த கையோடு ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பாள். முன்பு அது கிடையாது. இருந்திருக்கலாம், நான்தான் கவனிக்கவில்லையோ என்னவோ.

கடைசி இரண்டு வருஷம் புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் இருந்தேன். நாயை நம்புவது எப்படி என்று ஒரு வகுப்பு. அதில் இந்தக் கல்வெர்ட் கதையைச் சொல்வேன், சின்ன மாற்றத்தோடு. கேப்டன் கேட்டார், "சந்தேகமா இருக்கு சாப்" என்றேன், கான்வாய் நாற்பது நிமிஷம் நின்றது, நான் கீழ்வாய்ப் பக்கம் இறங்கினேன். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அப்படியே சொன்னேன். குண்டு ஒன்று கிடைத்தது என்று மட்டும் சேர்க்க மனசு வரவில்லை.

ஒரு பேட்ச்சில் ஒரு பையன் கையைத் தூக்கினான். "அப்புறம் அங்கே என்ன இருந்தது, உஸ்தாத்?"

"ஒன்றும் இல்லை" என்றேன்.