ராகு காலத்துக்கு முன்னால் பையை வெளியே வை

மலேசியாவில் ஈப்போவில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தவள் நான். பாஷையிலும் சாப்பாட்டிலும் பெரிய சிரமமில்லை, எதை எப்போது செய்யக்கூடாது என்பதுதான் பழக நாளானது. விளக்கு வைத்தபின் பெருக்கக்கூடாது, அப்படியே பெருக்கினாலும் குப்பையை வெளியே தள்ளக்கூடாது, பக்கத்து வீட்டுக்கு உப்பும் தயிரும் தரக்கூடாது, நகம் வெட்டக்கூடாது. செவ்வாய்க்கிழமை சலூனே பூட்டிக் கிடக்கும்.

ராகு காலம் ஈப்போவிலும் உண்டு. ஆனால் அங்கே விடியவே 7 மணிக்கு மேல் ஆகும் என்பதால், பாட்டி ஊர்க் காலண்டர் நேரத்தோடு ஒரு மணி கூட்டிக்கொள்வார். இங்கே கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. விசா பதிவுக்காக ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்குத் திருவாரூர் கிளம்ப வேண்டியிருந்தது. அன்றைக்கு ராகு காலம் 7.30 முதல் 9 வரை. அத்தை 7 மணிக்கே என் பையைத் தூக்கிப்போய் எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டார். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பின கணக்காம். சாஸ்திரமும் கெடாமல் பஸ்ஸையும் விடாத இந்தச் சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அப்புறம் ஆடி வந்தது. சித்திரையில் பிள்ளை பிறக்கக்கூடாது என்று புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள், என் தாய்வீடோ கடல் தாண்டி. டிக்கெட் விலையைக் கேட்டதும் திருவையாற்றிலிருக்கும் தூரத்துச் சித்தி வீடே தாய்வீடாகிவிட்டது. மேட்டூரில் ஜூன் 12 அன்றே தண்ணீர் திறந்த வருஷம், பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரி கரைதொட்டு ஓட, காதோலை கருகமணி விட்டுப் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டோம்.

எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப்பில் அறிவியல் காரணம் அனுப்பும் மாமாக்கள் இருக்கிறார்கள். எண்ணெய் விளக்குக் காலத்தில் இருட்டில் பெருக்கினால் தோட்டுத் திருகாணி குப்பையோடு போய்விடும், சரி. தயிருக்கு என்ன காரணமோ.

எனக்கு ஒத்துவராதது சகுனம். சின்னத்தைக்குக் கணவர் இல்லை. யாராவது வெளியே கிளம்பினால், ஒருவரும் சொல்லாமலே கொல்லைப்பக்கம் போய்விடுவார், அவ்வளவு வருஷப் பழக்கம். இந்த வீட்டில் எனக்குச் சமையல்கட்டைப் பழக்கியதே அவர்தான், அவர் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் படியிறங்க முடியாது. இப்போது நான் கிளம்பினால் வாசலுக்கு அவரைக் கூப்பிட்டு, சாப்பாட்டுப் பையை அவர் கையாலேயே வாங்கிக்கொள்கிறேன். அத்தை ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று, நெற்றியில் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு தானும் எதிரே வந்து நின்றுவிடுகிறார்.