பெடல் ஸ்டீலுக்குக் காது கொடுங்க

அமெரிக்க ராக் குழுவான தி பேர்ட்ஸின் கன்ட்ரி இசை ஆல்பம் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' (1968). மறுபடி கேட்கிறவர்கள் முதல் சுற்றில் பாடகரை விட்டுவிட்டு பெடல் ஸ்டீலை மட்டும் பின்தொடருங்கள். மடியளவு உயரத்தில் படுக்க வைத்த பத்துக் கம்பி கிட்டார் அது. இடக்கையில் இரும்புத் துண்டு, கீழே பெடல்கள். கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தால் ஒரு ஸ்வரம் மட்டும் வழுக்கி மேலேறும், பக்கத்துக் கம்பி அசையாது. அந்த அழுகைக் குரல் அங்கிருந்துதான் வருகிறது. முதல் பாட்டான 'யூ ஐன்ட் கோயின் நோவேர்'இல் பெடல் ஸ்டீல் கலைஞர் லாய்ட் கிரீன் வரிகளின் இடைவெளியில் மட்டுமில்லை, வரிகளின் மேலேயும் வாசித்துக்கொண்டே போகிறார். பொதுவாக இது உறுத்தும். இங்கே பாட்டைத் தூக்கி நிறுத்துவதே அதுதான்.

அதே பாட்டில் ஒரு சின்ன வேடிக்கை. பாப் டிலன் எழுதிய வரியில் பணத்தை எடு, கூடாரத்தைச் சுருட்டு என்று வரும். குழுவின் பாடகர் ரோஜர் மெக்குவின் இரண்டு வினைச்சொற்களையும் இடம் மாற்றிப் பாடிவிட்டார். அதே பாட்டைத் தானே பாடிய 1971 பதிவில் டிலன், மெக்குவின் பெயரைச் சொல்லியே கிண்டலடித்தார்.

குழுவின் இன்னொரு பாடகர் கிராம் பார்சன்ஸ் பாடிய சில பாடல்கள், இன்னொரு இசைத்தட்டு நிறுவனத்துடன் அவருக்கிருந்த பழைய ஒப்பந்தச் சிக்கலால் மெக்குவின், குழுவின் மற்றொரு உறுப்பினர் கிறிஸ் ஹில்மன் குரல்களில் மாற்றப்பட்டன. 'தி கிறிஸ்டியன் லைஃப்' அதில் ஒன்று. மெக்குவினின் அமெரிக்கத் தெற்கத்தி உச்சரிப்பு கொஞ்சம் வேஷம் போட்ட மாதிரி இருக்கும். 2003 இரட்டைத் தட்டுப் பதிப்பில் பார்சன்ஸ் குரலும் இருக்கிறது, அடுத்தடுத்து போட்டுப் பாருங்கள். 'ஹிக்கரி விண்ட்' பாட்டு நல்லவேளை பார்சன்ஸ் குரலிலேயே தப்பியது.