எலும்புக்கு வயது சொல்லும் சாம்பல்

ஆதிமனித ஆராய்ச்சி என்றாலே எல்லோருக்கும் மண்டையோடுதான் ஞாபகம் வரும், எனக்கென்னவோ அது கிடந்த மண்ணைப் படித்த ஃபிராங்க் பிரௌன் மாதிரி ஆட்களைத்தான் பிடிக்கும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நிலவியலாளராக இருந்தவர். 1960களில் எத்தியோப்பியாவின் ஓமோவுக்குப் போனவர், கென்யா, எத்தியோப்பியா எல்லையில் இருக்கும் துர்கானா ஏரிப் படுகையை அப்புறம் விடவே இல்லை. அங்கே எரிமலைச் சாம்பல் அடுக்கடுக்காகக் கிடக்கும், ஒவ்வொரு வெடிப்புக்கும் ரசாயனக் கலவை கொஞ்சம் மாறும், கைரேகை மாதிரி, அதை வைத்தே பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு மேடுகளில் தெரிவது ஒரே சாம்பல்தான் என்று சொல்லிவிடலாம். சாம்பலின் வயதைக் கணக்கிட்டால் அதற்கு மேலேயும் கீழேயும் கிடக்கும் எலும்பின் வயதும் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

அந்தப் படுகையில் கே.பி.எஸ். என்று பெயர் வைத்த ஒரு சாம்பல் அடுக்குக்கு முதலில் 26 லட்சம் வருடம் என்றார்கள். அங்கே கிடைத்த பன்றிப் பற்களை, வயது தெரிந்த ஓமோ பற்களோடு ஒப்பிட்டால் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை (ஆமாம், பன்றிதான்)! பெரிய சண்டைக்கு அப்புறம் சுமார் 19 லட்சத்துக்கு இறங்கியது. ஓமோவின் கிபிஷ் பகுதியில் கிடைத்த, நம் இனத்தின் பழைய மண்டையோடுகளுக்கு பிரௌனும் கூட்டாளிகளும் 2005இல் சொன்னது 1,95,000 வருடம். 2022 ஆய்வு ஒன்று அதில் ஒன்றுக்குக் குறைந்தது 2,33,000 என்கிறது. எலும்பு அதேதான், மறுபடி பார்த்தது சாம்பலை.