ஆஃப் என்றால் எந்த ஆஃப்?

சிங்கப்பூரில் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேலை எனக்கு. ஆட்களின் டைம்கார்டைச் சரிபார்ப்பதும் என் தலையில்தான். இரண்டிலும் என்னை அதிகம் பேச வைப்பது 'ஆஃப்' (off) என்ற பொடி ஆங்கிலச் சொல்.

"அண்ணே, சனிக்கிழமை எனக்கு ஆஃப் டே போட்டிருக்காங்க" என்று ஒரு தம்பி வந்து நின்றால் உடனே பதில் சொல்ல முடியாது. நம் வாயில் 'ஹாஃப் டே'யும் 'ஆஃப் டே'யும் ஒரே மாதிரிதான் வரும். அரை நாள் வேலையா, வேலையே இல்லையா? "மத்தியானச் சாப்பாடு எங்கே, சைட்லயா டார்மிட்டரியிலயா?" என்று கேட்பேன். விஷயம் தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய குழப்பம், ஆஃப் டேயும் ரெஸ்ட் டேயும் ஒன்று என்று நினைப்பது. லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையைத்தான் எல்லாரும் 'ஆஃப்' என்பார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது சட்டப்படி ரெஸ்ட் டே, அதாவது வார ஓய்வு நாள். அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத தொழிலாளியை முதலாளி அன்று வேலைக்குக் கூப்பிட்டால், வழக்கமான நேரத்தில் பாதி வரைக்கும் ஒரு நாள் சம்பளம், பாதியைத் தாண்டினால் இரண்டு நாள் சம்பளம். தானே கேட்டு வேலை செய்தால் இதில் பாதிதான். ஐந்து நாள் வேலை உள்ளவருக்குச் சனிக்கிழமை வெறும் ஆஃப் டே. அன்று வந்தால் இரட்டைச் சம்பளப் பேச்சு கிடையாது, வாரத்தில் 44 மணி நேரத்தைத் தாண்டியதற்கு ஒன்றரை மடங்கு ஓடி (ஓவர்டைம் சம்பளம்). ஆகவே "ஆஃப்ல வேலை பார்த்தேன், டபுள் வரலை" என்று யாராவது வந்தால், முதலில் எந்தக் கிழமை என்று கேட்பேன், அப்புறம் யார் கூப்பிட்டது என்று. சரியான கோரிக்கையாக இருந்தால் நானே அலுவலகத்துக்கு எழுதிவிடுவேன்.

வரைபடத்தைப் பார்த்துப் பொருள் அளவு எடுப்பதை எங்கள் கியூஎஸ் (பொருள் அளவும் செலவும் கணக்கிடுபவர்) 'டேக் ஆஃப்' என்பார். அடித்தளத்துக்காக மண்ணில் இறக்கும் பைலின் தலையை வெட்டும் மட்டம் 'கட் ஆஃப்'. சம்பளக் கணக்கு முடிக்கும் தேதியும் 'கட் ஆஃப்'தான். இதிலெல்லாம் யாரும் தடுமாறிப் பார்த்ததில்லை. இடத்தை வைத்தே புரிந்துகொள்கிறார்கள்.

தடுமாற்றம் ஆளைக் கொல்லக்கூடியது அலாரத்தில்தான். "வென் த அலாரம் கோஸ் ஆஃப், எவ்ரிபடி அவுட்" என்று மேலாளர் ஒரு காலைக் கூட்டத்தில் சொன்னார். தீ ஒத்திகையின்போது மூன்றாம் மாடியில் சிலர் அப்படியே நின்றார்கள். ஏன் என்று கேட்டேன். "பெல் ஆஃப் ஆகட்டும்னு நின்னோம்ணே." அவர்கள் மேல் என்ன தப்பு? விளக்கு ஆஃப், ஃபேன் ஆஃப், இன்ஜின் ஆஃப் என்றால் எல்லாம் அடங்கிப்போகிறது. அலாரம் ஆஃப் என்றால் மட்டும் அலற ஆரம்பிக்கிறது. துப்பாக்கி வெடிப்பதற்கும் ஆங்கிலத்தில் 'கோ ஆஃப்'தான். விலகிப் போவது இந்தச் சொல்லின் பழைய பொருள். பூட்டிக் கிடந்த ஒன்று விடுபட்டுக் கிளம்புவதாக நினைத்தால் கொஞ்சம் பிடிபடும். காலை ஏழரை மணிக்கு, தலைக்கவசத்தோடு நிற்பவர்களிடம் இந்த விளக்கம் எடுபடாது. இப்போது "பெல் அடிச்சா ஓடு" என்று தமிழிலேயே சொல்கிறோம். மேலாளரும் 'ரிங்ஸ்' என்று மாற்றிக்கொண்டார்.

மின்சார வேலையில் கதை வேறு. அங்கே 'ஆஃப்' எல்லாருக்கும் புரிகிறது, அதுதான் தொல்லை. மின்பெட்டியில் பிரேக்கர் சுவிட்சைக் கீழே தள்ளியதும் "ஆஃப் பண்ணியாச்சு" என்று கையை வைக்கப் போவார்கள். கீழ்த்தளத்தில் இருப்பவன் இவருக்குத் தெரியாமல் அதை மேலே தள்ள எவ்வளவு நேரமாகும்? அதனால் பிரேக்கரை ஆஃப் செய்து பூட்ட வேண்டும், பெயர் எழுதிய அட்டையை மாட்ட வேண்டும், டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று பார்க்க வேண்டும். சாவி வேலை செய்பவரின் பையிலேயே இருக்க வேண்டும், சூப்பர்வைசரிடம் கூடக் கொடுக்கக் கூடாது. "ஆஃப் பண்ணியாச்சுண்ணே" என்பவரிடம் சாவியைக் காட்டச் சொல்வேன். பதினைந்து வருஷமாக வயரிங் செய்பவருக்கு இதில் கோபம் வரும். வரட்டும், காட்டிவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.