மைஃபோர்ட் லேத்தில் புதிய மூன்று தாடை சக் பொருத்திய அனுபவம்

என்னிடம் இருப்பது, நாட்டிங்ஹாமை அடுத்த பீஸ்டனில் தயாரான மைஃபோர்ட் எம்.எல்.7 லேத், அதாவது கடைசல் இயந்திரம். 1946-இல் அறிமுகமான இந்த மாதிரி, இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகையில் சிறு நீராவி இயந்திரம் செய்பவர்களிடம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதைப் பழையதாக வாங்கியபோது கூடவே வந்த சக்கை (கடையும் துண்டைத் தாடைகளால் கவ்விச் சுழற்றும் பிடிப்பானை) வைத்துத்தான் இதுவரை ஒப்பேற்றி வந்தேன். சென்ற மாதம் ஒரு வால்வுத் தண்டைக் கடைந்து, கழற்றி, திருப்பிப் பிடித்தபோது இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சேராமல் படியாக நின்றது. அதற்குப் பிறகு பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பழைய சக்கின் குறை என்ன என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். 20 மி.மீ. சில்வர் ஸ்டீல் தண்டைத் தாடைகளில் இறுக்கும்போது, தாடையின் நுனியில் ஒரு மெல்லிய காகிதத் துண்டையும் அடிப்பகுதியில் இன்னொன்றையும் செருகிப் பார்த்தேன். உள்ளே இருந்தது இழுத்தால் கிழிந்தது. நுனியில் இருந்தது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. தாடைகள் மணியின் வாய்போல முன்பக்கம் விரிந்து தேய்ந்துவிட்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தாடைகளைச் சாணை பிடித்துச் சரி செய்யலாம் என்றாலும், தாடைகளை நகர்த்தும் சுருள் தட்டும் நாம் அடிக்கடி பிடிக்கும் விட்டங்களில் தேய்ந்திருந்தது. ஆகவே புதிதாக வாங்குவதே முறை என்று முடிவு செய்தேன்.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் சிறிது தடுமாறினேன். 125 மி.மீ. சக் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பெரிய துண்டுகளையும் பிடிக்கும். ஆனால், எடை கூடுவதோடு, தாடைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது வெட்டுளியைத் தாங்கி நகரும் கேரேஜின் மேல் இடிக்கும் அபாயமும் கூடுகிறது. என் வேலைகளில் பெரும்பாலானவை 30 மி.மீ.க்கு உட்பட்டவை என்பதால் 100 மி.மீ. போதும் என்று வாங்கினேன். உள்பிடித் தாடைகள் ஒரு தொகுதியும் வெளிப்பிடித் தாடைகள் ஒரு தொகுதியும் சேர்ந்தே வந்தன.

வந்த நாளிலேயே அதை முழுவதும் பிரித்தேன். புதிய சக்கை அப்படியே மாட்டக் கூடாது. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பிசினுக்குள் தொழிற்சாலையின் சீவல்களும் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, சுருள் தட்டின் மரை விளிம்புகளில் இருந்த பிசிறுகளை எண்ணெய்க் கல்லால் தேய்த்து நீக்கி, 1, 2, 3 என்று எண் பொறித்த தாடைகளை அந்த வரிசையிலேயே மீண்டும் ஏற்றினேன்.

எம்.எல்.7-இல் சக்கைத் தாங்கிச் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் மூக்கு மரை வெட்டப்பட்டது: 1 1/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 12 மரை. சக்கோ பின்பக்கம் 72 மி.மீ. பள்ளமும், 84 மி.மீ. வட்டத்தில் மூன்று எம்8 (8 மி.மீ.) மரைத் துளைகளும் கொண்டது. இரண்டையும் இணைப்பது பேக் பிளேட். ஸ்பிண்டிலுக்கு ஏற்ற மரை மட்டும் வெட்டி, முன்பக்கத்தைக் கடையாமல் விட்ட வார்ப்பிரும்புத் தட்டு கடையில் கிடைக்கிறது. முன்பக்கத்தை நம் லேத்திலேயே, நம் ஸ்பிண்டிலிலேயே கடைந்தால்தான் அந்த முகம் நம் லேத்தின் அச்சுக்குச் சரியான செங்குத்தாக அமையும். வேறு லேத்தில் கடைந்து வாங்கினால் அந்த லேத்தின் கோணல் நமக்கு வந்து சேரும்.

ஸ்பிண்டில் மரையைத் தூரிகையால் துலக்கி, ஒரு துளி எண்ணெய் இட்டு, தட்டைத் திருகினேன். மரைக்குள் ஒரே ஒரு சீவல் கிடந்தாலும் தட்டு தோளில் சரியாக அமராது. லேத்தின் அடித்தளமான பெட்டின் மேல் செய்தித்தாள் விரித்தேன். வார்ப்பிரும்புத் தூள் எண்ணெயோடு கலந்தால் சாணைப் பசைபோல் அறுக்கும். வார்ப்பின் மேல்தோல் கடினமானது என்பதால் முதல் வெட்டை அதன் அடியில் போகுமளவு ஆழமாகக் கொடுக்க வேண்டும்; பயந்து மேலோட்டமாகச் சுரண்டினால் வெட்டுளியின் முனைதான் மழுங்கும். வேகத்தைக் குறைக்கும் பேக் கியரில், நிமிடத்துக்கு 60 சுற்று அளவில், குளிர்விக்கும் எண்ணெய் எதுவும் இல்லாமல் கடைந்தேன். கைவிரல் ரேகைகளில் ஏறிய கரி இரண்டு நாள் போகவில்லை.

சக்கின் பள்ளம் 4 மி.மீ. ஆழம் இருந்ததால், தட்டின் நடுவில் எழும் மேட்டை 3 மி.மீ. உயரத்தோடு நிறுத்தினேன். மேடு பள்ளத்தின் அடியைத் தொடக் கூடாது. சக் தட்டின் வெளிமுகத்தில்தான் அமர வேண்டும். மேடும் முகமும் சந்திக்கும் மூலையில் ஒரு சிறு காடியும் வெட்டினேன்.

அடுத்து நடந்ததை எழுதச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. மேட்டின் விட்டத்தை மைக்ரோமீட்டர் 72.15 என்று காட்டியது. எடுக்க வேண்டியது 0.15 மி.மீ., அதாவது சுமார் 6 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்). என் லேத்தின் டயல்கள் அங்குலக் கணக்கில் உள்ளவை. வெட்டுளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் ஒரு கோடு ஒரு தவ் நகர்வைக் குறிக்கிறது. நகர்வு ஒரு தவ் என்றால் விட்டத்தில் குறைவது இரண்டு தவ் என்பது லேத்தில் முதல் நாள் கற்கும் பாடம். மில்லிமீட்டரை அங்குலமாக மாற்றும் கணக்கிலேயே மனம் இருந்ததால், மூன்று கோடு திருப்ப வேண்டிய இடத்தில் ஆறு கோடு திருப்பிவிட்டேன். மீண்டும் அளந்தபோது 71.85.

இறுக்கமாக அமர வேண்டிய மேடு 0.15 மி.மீ. தளர்ந்துவிட்டது. முகத்தை இன்னும் சீவி, புதிய மேடு கடைய உலோகம் இருந்தது. ஆனால் ஓர் இரவு யோசித்தபின் அதை அப்படியே விட்டேன். மேடு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் சுருள் தட்டிலும் தாடைகளிலும் உள்ள பிழையை அதனால் திருத்த முடியாது. மேடு சிறிது தளர்வாக இருந்தாலோ, சக்கைத் தட்டித் தட்டி, பிடித்திருக்கும் தண்டையே மையத்துக்குக் கொண்டுவரலாம். பிராட் பர்னர்ட் நிறுவனத்தின் கிரிப்ட்ரூ சக்கில் இதே வேலைக்கெனத் தனி ஸ்குரூக்களே இருக்கின்றன. தளர்ந்த மேட்டில் சக்கை நிறுத்துவது போல்ட்டுகளின் அழுத்தம் மட்டுமே என்பதால், கனமான வெட்டு கொடுப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

துளைகளைக் குறிக்க, மூன்று எம்8 போல்ட்டுகளின் தலையை வெட்டி, நுனியைக் கூராக்கி, சக்கின் துளைகளில் அரை மி.மீ. வெளியே தெரியும்படி திருகினேன். சக்கைத் தட்டின்மேல் வைத்து மரச்சுத்தியால் ஒரு தட்டு தட்டியதும் மூன்று புள்ளிகள் விழுந்தன. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 72.75 மி.மீ. இருக்க வேண்டும், கவராயத்தில் அதே அளவு வந்தது. நகர்த்த இடம் வேண்டும் என்பதற்காக 8.5-க்குப் பதில் 9 மி.மீ. துளையிட்டேன்.

முதல் முறை பொருத்தி, 20 மி.மீ. தண்டைப் பிடித்துச் சுற்றியபோது, சக்கிலிருந்து 75 மி.மீ. தள்ளி, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜில் 0.20 மி.மீ. ஆட்டம் இருந்தது. தாடைக்கு அருகிலோ 0.12 தான். மையம் விலகியிருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே அளவு காட்ட வேண்டும். தூரம் போகப் போக ஆட்டம் கூடினால் தண்டு சாய்ந்திருக்கிறது என்று பொருள். சக்கைக் கழற்றி அதன் பின்முகத்தை விரலால் தடவியபோது ஒரு மரைத் துளையின் வாயில் நகம் மாட்டியது. கூர் போல்ட்டை ஏற்றி இறக்கியதில் எழுந்த பிசிறு. மூன்று துளைகளின் வாயையும் லேசாகச் சரிவு எடுத்து, எண்ணெய்க் கல்லால் முகத்தைத் தடவி மீண்டும் பொருத்தினேன். இப்போது இரண்டு இடத்திலும் ஏறத்தாழ 0.11.

இனி மிச்சமிருந்தது மையம் மட்டும். போல்ட்டுகளை அரை இறுக்கத்தில் விட்டு, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி, டயலில் உயர்ந்த இடம் மேலே வரும்போது சக்கின் உடலைச் செப்புச் சுத்தியால் தட்டினேன். பத்து நிமிடத்தில் 0.02-க்கு வந்தது. ஆலன் கீயால் மூன்று போல்ட்டுகளையும் மாறி மாறி இறுக்கியபின் திரும்பப் பார்த்தேன். முள் அதே இடத்தில் நின்றது. 10 மி.மீ. தண்டில் 0.05, 32 மி.மீ. தண்டில் 0.07 வருகிறது. சாவித் துளைகள் மூன்றில் ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்து, மிகக் குறைந்த ஆட்டம் தந்த துளைக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். கடைசி இறுக்கம் எப்போதும் அங்கேதான்.

இரண்டு வாரம் வேலை செய்தபின் அதே 20 மி.மீ. தண்டில் 0.03 காட்டுகிறது. வெளிப்பிடித் தாடைகளை இன்னும் அளந்து பார்க்கவில்லை. அந்த வால்வுத் தண்டைப் புதிதாகக் கடைந்து, திருப்பிப் பிடித்து, சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினேன், எங்கும் தடுக்கவில்லை.